கேபிளைப் பிடுங்கிய பிறகு வந்த மெயில்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்று யாராவது சொன்னால் வியாசர்பாடியில் எங்கள் குடும்பமே சிரிக்கும். செங்கொடியாகிய நான்தான் அதிகம் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

2004, ஆயுத பூஜை. டோல்கேட் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேர்ந்து சில மாதம்தான். மெயில் மென்பொருளில் பெரிய ஓட்டை என்று எச்சரிக்கை வந்திருந்தது. மெயில் திரையில் தெரிந்தாலே போதும். அதில் ஒளிந்திருக்கும் வைரஸ் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி மெமரிக்குள் வழிந்து, கம்ப்யூட்டரையே பிடித்துக்கொள்ளும். பக்கத்து ஆபீஸில் ஹேக்கர்கள் ஏற்கெனவே புகுந்துவிட்டார்கள். "என் பேர்ல வந்தாலும் எந்த மெயிலையும் திறக்காதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் கப்பல் வருகிறது. அதற்குள் எல்லா மெஷினையும் சரிசெய்யாவிட்டால் என் வேலை போய்விடும். மேனேஜர் சங்கரநாராயணனோ, சந்தனம் வைத்த மெஷினைத் தொடவே கூடாது என்றார். நான் சர்வர் அறையில் நுழைந்து, சத்தமில்லாமல் அந்த ஓட்டையை அடைக்கும் சிடி தயார் செய்தேன். வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு எல்லோரும் கிளம்பி, ஆபீஸ் அமைதியானது.

பகல் 2.40. முதல் மெஷின். சிடியைப் போட்டேன். திரையில் புது மெயில் ஒன்று. அனுப்பியவர் லோகநாதன். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர். விட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார்கள். பழைய ஆள் பெயரில் வலை வீசுகிறான்கள், நாசமாய்ப் போகிறவன்கள் என்று திட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது... பிடுங்கிய கேபிள் என் காலடியில் கிடந்தது.

அடுத்த மெஷின். அதே பெயர். அதற்கடுத்ததிலும்...

3.10. டம்... டம்... யாரோ ஷட்டரை அறைந்தார்கள்.

ஓடினேன். வெளியே பூட்டியிருந்தது.

சத்தம் உள்பக்கம்.

என் கண்ணெதிரே தகரம் அதிர்ந்தது. அங்கே யாருமில்லை. மூச்சு மட்டும்... இழுத்து... இழுத்து...

என் செல்லிலிருந்து மேனேஜருக்குப் போன் செய்து, உள்ளே மாட்டிக்கொண்டேன் என்றேன்.

"பூஜை போட்டுச் சாத்தின கதவு. காலைல திறக்கலாம்மா." வைத்துவிட்டார்.

எங்கள் ஏஜென்சியின் எண்ணூர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்த பாஸ்கலைக் கூப்பிட்டேன். வந்து பூட்டை உடைத்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"போன வருசம் லோகு இப்டித்தாம்மா உள்ள மாட்டிகினான். மூச்சு இழுப்பு வேற அவனுக்கு. போனு மேனேஜர் ரூம்ல பூட்டிக் கீது. யார்டுல எனக்கு மூணு மெயிலு வந்துச்சு, அவன் பேர்ல. அவன்தானே வைரஸு வருது, எதையும் தொறக்காதன்னான்... அழிச்சிட்டேம்மா. காலைல பொணமாத்தான் தூக்கினோம்."

மறுநாள் சர்வரில் லோகநாதனின் மெயில் பெட்டியைப் பார்த்தேன். பாஸ்கலுக்கு மூன்று போயிருந்தன. மேனேஜருக்கு ஒன்று. அதற்குப் போன வருடம் அன்றைக்கே, அவர் வீட்டிலிருந்து பதில் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"பூஜை போட்டுச் சாத்தின கதவு. காலைல திறக்கலாம்."

ஒரு வருடமாக யாரும் திறக்காத பதில். இப்போது திறந்திருந்தது. திறந்த நேரத்தை சர்வர் குறித்து வைத்திருந்தது.

நேற்று. 3.10.