ஒரு மணி ஊசி, மூன்று மணிச் சோறு

என் மனைவி சரோஜா ஒரு மதியம் குழம்புக் கரண்டியை என் மேல் வீசினாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை முறைத்ததுகூட இல்லை. கந்தர்வக்கோட்டையிலுள்ள என் உரக்கடையிலிருந்து எப்போது வந்தாலும், சாப்பிடாமல் காத்திருந்து, ஊர்க்கதை சொல்லிச் சிரித்தபடி பரிமாறுவாள். அந்த மதியங்களுக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

மாத்திரை போதாமல் அவளுக்கு இன்சுலின் ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் மதியந்தோறும் சண்டை. கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், வார்த்தை தடிக்கும். சாப்பிட்டு எழுந்ததும் அழுவாள். நானும் சளைக்காமல் கத்தினேன். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

ஒரு நாள் பையில் சேலைகளை அடுக்கினாள்.

"எங்கண்ணன் வீட்டுக்குப் போறேங்க. இங்கிட்டு இருந்தா ஒங்க நிம்மதியும் போயிரும்."

சண்டையெல்லாம் ஊசி தொடங்கிய பிறகுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையோடு அவளைப் புதுக்கோட்டைக்கு, ஊசி எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர், "ஊசி எத்தனை மணிக்கும்மா போடுறீங்க?" என்றார்.

"நீங்க சொன்னபடி ஒரு மணிக்குங்க."

"சாப்பாடு?"

அவள் என்னைப் பார்த்தாள். "இவங்க வந்தப்பறம். ரெண்டரை, மூணு ஆகும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவது) என்றார். மூளைக்குச் சர்க்கரை போதாதபோது எரிச்சலும் அழுகையும் வருமாம். "மொதல்ல சர்க்கரைத் தண்ணி குடுங்க. சண்டைய அப்பறம் வச்சுக்கலாம்."

உங்கள் வீட்டிலும் இப்படி நேரம் பார்த்து வரும் கோபம் இருந்தால், என்னைப் போல் பதிலுக்குக் கத்தாதீர்கள்.

எனக்கு முந்திச் சாப்பிட அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு ஒரு மணிக்கே வந்து, அவள் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்தேன். மதியச் சண்டை நின்றது. பையிலிருந்த சேலைகள் பீரோவுக்குத் திரும்பின.

பிறகு ஒரு மாலை மறுபடி குரலை உயர்த்தினாள். நான் பதறிப்போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துவந்து அவள் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது.

"இது நெசக் கோவம்தான்," என்றாள். "இத்தன வருசமா பசியோட ஒக்காந்திருந்தேனே, ஒரு நாளாச்சும் சாப்டியான்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. இப்போது ஒரு மணி அடித்தால் எங்கிருந்தாலும் எனக்கும் வயிறு கிள்ளுகிறது. போனை எடுத்துக் கேட்கிறேன்.