ஜன்னலோரம் வெச்ச ரத்தம்

லேப் அக்கா டீக்கடையில வெச்சு தையல்காரர் கையைப் புடிச்சு இழுத்தாளாம். இஸ்திரி போடறவர் சொன்னப்போ ஒரு கைதான். சலூனுக்குப் போய்ச் சேர்ந்தப்போ ரெண்டு கை. சாயங்காலத்துக்குள்ள கட்டிப்புடிச்சு அழுதேவிட்டாளாம். நல்லாத்தான் இருக்கு கதை. ஆனா நடந்தது வேற, கேளுங்க.

தையல்காரருக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. ஆனா மனுஷனுக்கு விரல்ல ஊசி குத்தினா அரைநாளைக்கு ரத்தம் நிக்காது. தைக்கக் குடுத்த வெள்ளைச் சட்டையெல்லாம் பொட்டு வெச்சுக்கிட்டுத் திரும்பும். டாக்டர், "ரத்தம் உறையறதுக்கு வைட்டமின் கே வேணும். அது எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுதான் கத்தி வைப்பேன்"னுட்டார்.

வெறும் வயித்தோட ஏழு மணிக்கே லேப்புக்கு வந்துட்டார். நாள் பூரா ஊசியோட குடும்பம் நடத்தற ஆளு, அக்கா கையில ஊசியைப் பாத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார்.

"எடுத்தாச்சுண்ணே. கண்ணைத் தொறங்க."

"அதுக்குள்ளயா? பொய் சொல்லாத தங்கச்சி."

அந்த டெஸ்ட்டுக்கு ஒரு வீம்பு உண்டு. வெளிச்சம் ஆகாது. எடுத்த கையோட ட்யூப்புக்கு சில்வர் பேப்பர் சுத்திடணும். பதினாறு வருஷமா அக்கா பேப்பரை வெட்டி வெச்சுட்டுதான் ஊசியையே தொடுவா. அன்னிக்குப் பாத்து ரோல் தீர்ந்திருந்தது. எடுத்துட்டு வெட்டிக்கலாம்னு அசால்ட்டா இருந்துட்டா. அவரை அனுப்பிட்டு, ட்யூப்பை ஜன்னலோரம் வெச்சுட்டு உள்ள புது ரோல் தேடப் போனா. போன இடத்துல ஒரு போன். திரும்பி வர இருபது நிமிஷம். ட்யூப்பு மேல வெயில் சுள்ளுன்னு அடிக்குது.

பில் போடற பொண்ணு மட்டும்தான் பாத்தா. "சுத்தி அனுப்பிடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"வெயில் பட்டா கே செத்துடும்டி. இருக்கறதையும் இல்லன்னு காட்டும். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிடுவாரு. அந்த மனுஷன் இன்னும் எத்தனை நாள் அடிவயித்தைப் புடிச்சுக்கிட்டு மெஷினை மிதிப்பாரு?"

"அப்ப நாளைக்கு வரச் சொல்லு."

"பெரிய லேப்புக்குப் போற வண்டி ஒன்பது மணிக்கு. இதை விட்டா அடுத்த வாரம். அப்புறம் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள தேதி போயிடும். அவரு வாயில இன்னும் ஒண்ணும் வெக்காம இருந்தா…"

முடிக்கல. வெள்ளைக் கோட்டோட, செருப்புகூட இல்லாம தெருவுல ஓடினா.

டீக்கடையில அவரு கிளாஸை வாய்க்குக் கொண்டு போயிட்டார். "அண்ணே, குடிக்காதீங்க!"னு ஒரு கத்து. வெடுக்குன்னு புடுங்கினதுல பாதி டீ அவ கோட்டு மேலயே.

"ஒரு வாயாவது குடிச்சீங்களா?"

"ஊதிக்கிட்டுதான்மா இருந்தேன். ஏன், விஷமா?"

"வாங்க. மறுபடி குத்தணும்."

"அதுக்கு விஷமே தேவலை!"

ரெண்டாவது ட்யூப்புக்கு நாலு சுத்து சுத்தி, அவளே கொண்டுபோய் வண்டியில ஏத்தினா. ஒரு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. கே கொஞ்சம்தான் கம்மி. மாத்திரையிலயே சரியாகிடும், தேதியை மாத்த வேண்டாம்னுட்டார் டாக்டர்.

ரிப்போர்ட்டை வாங்க வந்தது தையல்காரரோட மாமியார். வாங்கின கையோட குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நீ எங்க மாப்பிள்ளை கையைப் புடிச்சு இழுத்தியாமே?"ன்னாங்க.

அக்கா தலையைக்கூட நிமிர்த்தல. "கையைத் தொடலம்மா. டீ கிளாஸைத்தான் புடுங்கினேன். அவரு ரத்தத்தை வெயில்ல போட்டுக் கெடுத்தது நான். ஊரெல்லாம் சொல்றவங்ககிட்ட போய் இதையும் சொல்லுங்க."