நாற்பத்தொரு விநாடி முன்னால்

யாரையும் நம்பவைக்க இதை எழுதவில்லை. என் நினைவை மட்டும் வைத்துச் சொன்னால் நானே நம்ப மாட்டேன். ஆனால் என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நாள், மணி, நிமிடம் எல்லாம் என் கையெழுத்தில் அதில் இருக்கின்றன. அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பார்சல் கிடங்கில் வண்டிகள் வரும் நேரம், போகும் நேரம் குறிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. குழாயில் தண்ணீர் நின்றால்கூட மணி பார்த்துக் குறிப்பேன்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். தங்கை கால்பந்து ஆடுகிறாள். கோல்கீப்பர். பள்ளியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘வேலி’. தேசிய அணியில் சேர்ந்தும் மூன்று வருடம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் முதல் கீப்பருக்கு முழங்கால் போனது. வேலியை இறக்கினார்கள். அணி ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து முன்னேறியது.

அப்பா அதுவரை அவள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. “பொம்பளப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு?” என்று எட்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அவரே கேட்டார்.

“டேய், அவ ஆடுறத நான் ஒரு தடவ பாக்கணும். நடக்கும்போதே பாக்கணும். முடிஞ்சப்புறம் காட்டுற துண்டு துணுக்கெல்லாம் வேணாம்.”

பிரச்சினை என்னவென்றால், எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. போன வருடம் நானே வெட்டச் சொல்லிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு சேனலில் நாங்கள் பார்ப்பது மூன்று. “கேபிள் எதுக்குப்பா? எல்லாம் இணையத்துல இருக்கு” என்று மார்தட்டினேன்.

இருந்தது உண்மைதான். போட்டி நடத்துகிறவர்களே தங்கள் இணையப் பக்கத்தில் இலவசமாக நேரலை காட்டினார்கள். ஆனால் அதைப் பார்ப்பதற்குள் உயிர் போய்விடும். முதலில் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசிக்கு ஒரு எண் வரும். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆயுள். அந்த எண் வந்து சேரவே ஒன்றரை நிமிடம் ஆகும். ஒருவழியாக உள்ளே போனால் நடுவில் வட்டம் சுற்றும். வேறு லிங்க் தேடிப் போனால் விளம்பரம். அதை மூட ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டால் இன்னொரு விளம்பரம். ஒரு பக்கம் என்னை வேறு நாட்டுக்காரன் என்றது. இன்னொரு பக்கம் நான் மனிதன்தானா என்று கேட்டது. போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களையெல்லாம் தொட்டுத் தொட்டு நான் மனிதன் என்று நிரூபிப்பதற்குள் முதல் பாதி முடிந்துவிட்டது.

“உன் வட்டம் சுத்துறதப் பாத்தா எனக்குத் தல சுத்துதுடா,” என்றார் அப்பா.

இது போதாதென்று பக்கத்து வீடு.

ஒரே மாடி, ஒரே பொதுச்சுவர். அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் தனியாக இருந்தார். கேபிள் வைத்திருந்தார். விளையாட்டு என்றால் உயிர். கோல் விழுந்தால் கத்துவார், கூடவே சுவரில் ஒரு அறை அறைவார். எங்களுக்குப் படம் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்று மூன்று ஆட்டம் அளந்து பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. அவர் கத்தி நாற்பத்தொரு விநாடி கழித்து எங்கள் திரையில் கோல் விழும். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தபிறகு அதை எப்படிப் பார்ப்பது? எரிச்சல் தாங்கவில்லை. ஒரு கடிதம் எழுதி அவர் கதவடியில் தள்ளினேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகிழ்ச்சி எங்களுக்கு நாற்பத்தொரு விநாடி முன்னதாக வந்து சேர்கிறது. இதனால் எங்கள் மகிழ்ச்சி கெடுகிறது. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

மறுநாள் மாடிப்படியில் மடக்கினார்.

“தம்பி, கோல் விழுந்தா மனுப் போட்டு அனுமதி வாங்கிட்டா கத்துவாங்க?”

“இல்லண்ணே, அப்பா பாக்குறாரு...”

“சரி, இனிமே வாயத் தொறக்கல. ஆனா உன் படம் பொசுக்குனு நின்னுபோச்சுன்னு வையி, சுவத்துல மூணு தட்டு தட்டு. நல்லதுன்னா ரெண்டு தட்டுறேன், கெட்டதுன்னா ஒண்ணு. போதுமா?”

வாய்ப்பேச்சு எனக்கு ஒத்துவராது. தாளில் எழுதி இரண்டு படி எடுத்தேன். மூன்று தட்டல்: பதில் வேண்டும். இரண்டு: நல்லது. ஒன்று: கெட்டது. நான்காவதாக, ‘ஒருவர் மூன்று தட்டினால் மற்றவர் தவறாமல் பதில் தர வேண்டும்.’ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “ஏந்தம்பி, சாட்சிக் கையெழுத்து வேண்டாமா?”

புதன்கிழமை அரையிறுதி. எங்கள் படம் இரண்டு முறை நின்றது. மூன்று தட்டினேன். இரண்டு முறையும் பதில் வந்தது. ஒழுங்காகத்தான் இருந்தார்.

வியாழன் மாலை, ஆட்டமே இல்லாத நேரத்தில், அவர் பக்கமிருந்து தட்டல் கேட்டது. நான் அப்போது இறுதிப் போட்டிக்காக ஐந்தாவது தடவையாகப் பதிவு எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். வம்புக்கு இழுக்கிறார் என்று எரிச்சல். நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஆட்டம் நடக்கும் நாட்டில் சாயங்காலம், நமக்கு விடியற்காலை 4.30. முந்தின நாள் வேலி கூப்பிட்டிருந்தாள்.

“அண்ணா, அப்பாகிட்ட சொல்லு. இடது கையுறைய நெத்தியில வச்சுக் காட்டுவேன். அது அவருக்கு.”

4.10க்கு ஓட்டுநர் வீட்டு மணியை அடித்தேன். அப்பாவை அங்கேயே உட்காரவைத்து அவருடைய டிவியில் காட்டிவிடலாம் என்று கடைசி நிமிடத்தில் ஒரு நப்பாசை. கதவு திறக்கவில்லை. வாசலில் வெள்ளிக்கிழமைச் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. வெளியூர் போய்விட்டார் போலிருக்கிறது. போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

ஆட்டம் தொடங்கியது. எங்கள் படம் நின்று நின்று வந்தது. வேலி நான்கு பந்துகளைத் தடுத்தாள். அதில் இரண்டைத்தான் பார்த்தோம். மற்ற இரண்டின்போது வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கையுறையை நெற்றியில் வைத்தாளா என்றே தெரியவில்லை.

6.21. ஆட்டம் முடிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரம் கிடையாது. இனி பெனால்டி, பக்கத்துக்கு ஐந்து உதை.

6.22. படம் நின்றது.

‘மீண்டும் உள்நுழையவும்.’

எண் வரவில்லை. மறுபடி கேட்டேன். வரவில்லை. லேப்டாப்பைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

“சுவரத் தட்டுடா.”

“அவரு ஊர்ல இல்லப்பா.”

“தட்டித்தான் பாரேன். கை தேஞ்சா போயிடும்?”

6.24. மூன்று தட்டினேன். ஒன்றுமில்லை.

6.25. டொக்... டொக்.

இரண்டு. நல்லது.

மனுஷர் உள்ளேதான் இருக்கிறார்! கடித விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்திருக்கிறார். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நோட்டை எடுத்தேன்.

இரண்டு. ஒன்று. இரண்டு. ஒன்று. ஒன்று. இரண்டு. இரண்டு. ஒன்று. இரண்டு...

எழுதும்போதே ஏதோ உறுத்தியது. எப்போதும் அவர் டிவியின் வர்ணனை முணுமுணுவென்று சுவர் வழியாகக் கேட்கும். இப்போது கேட்கவில்லை. அவர் தட்டுவது எப்போதும் காலண்டர் உயரத்தில் இருக்கும். இப்போது கீழேயிருந்து வந்தது. தரையோடு ஒட்டி... நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

6.29. பத்தாவது. டொக்... டொக்.

கூட்டிப் பார்த்தேன். நாலுக்கு மூன்று. கடைசி உதையை வேலி தடுத்திருக்கிறாள்.

“ஜெயிச்சுட்டாங்கப்பா.”

அப்பா சிரிக்கவில்லை. “பாக்காமப் போச்சேடா,” என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கேபிளை வெட்டிய என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

6.33. படம் தானாகவே வந்தது.

இருட்டு.

மைதானம் முழுக்க இருட்டு. பார்வையாளர்கள் கைப்பேசி விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வர்ணனையாளர் சொன்னார்: விளக்குகள் அணைந்து பத்து நிமிடமாகிறது. சரியானதும் பெனால்டி தொடங்கும்.

“என்னடா, முடிஞ்சதத் திருப்பிப் போடுறானா?”

திரையின் மூலையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ‘நேரலை’.

6.34. விளக்குகள் எரிந்தன.

முதல் உதை, நம்முடையது. கோல். நோட்டைப் பார்த்தேன். இரண்டு.

அவர்கள் உதை. கோல். ஒன்று.

நம்முடையது. கோல். இரண்டு.

அவர்கள். கோல். ஒன்று.

ஐந்தாவது. நம் பெண் பந்தை வானத்துக்கு அடித்தாள்.

ஒன்று.

கேபிள் எங்களைவிட நாற்பத்தொரு விநாடிதான் முன்னால் இருக்கும். இது ஒன்பது நிமிடம். மைதானத்தில் ஒருவரும் பந்தைத் தொடாத நேரம். அப்போதே...

ஆறாவது. வேலி தடுத்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

ஒன்றுகூட மாறவில்லை.

பத்தாவது உதைக்கு முன் வேலி கேமரா பக்கம் திரும்பினாள். இடது கையுறையை நெற்றியில் வைத்தாள். அப்பா தன் இடது கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

தடுத்துவிட்டாள்.

அப்பா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “பாவம்டா அந்த மனுஷன். நன்றி சொல்லு.”

எனக்குச் சுவர்ப்பக்கம் போகவே பிடிக்கவில்லை. போனேன். இரண்டு தட்டினேன்.

அமைதி.

6.46.

டொக்...

டொக்...

டொக்...

மூன்று.

மெதுவாக. தரையோரத்திலிருந்து.

பதில் வேண்டும் என்கிறார்.

என்ன பதில்? முடிவைச் சொன்னதே அவர்தானே?

சுவரில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

மறுபடியும் மூன்று.

ஓடினேன்.

கீழே வீட்டுக்காரரை எழுப்பி மாற்றுச் சாவி வாங்கினேன். 7.02க்குக் கதவு திறந்தது. டிவி ஓடவில்லை. கேபிள் பெட்டியிலும் விளக்கு இல்லை. ஓட்டுநர் பொதுச்சுவர் ஓரமாகத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை மடங்கியிருந்தது. விரல் முட்டி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

அவர் தலைக்கு மேலே, காலண்டர் உயரத்தில், எங்கள் ஒப்பந்தத் தாளைப் பசை நாடா போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

மருத்துவர் வந்து பார்த்தார்.

“இப்ப போன உயிர் இல்லங்க. ஒன்றரை நாள் ஆயிருக்கும். வியாழன் சாயங்காலம், ஏழு மணி வாக்குல. விழுந்ததும் போயிருக்க மாட்டாரு. கொஞ்ச நேரம் நினைவோட கெடந்திருப்பாரு. யாராச்சும் வந்திருந்தா...”

வீட்டுக்கு வந்தேன். அப்பா போனில் வேலியோடு பேசிக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக. நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன்.

‘மாலை 6.52. மூன்று தட்டல். இன்று ஆட்டம் இல்லை.

6.58. மீண்டும் மூன்று. கீழேயிருந்து கேட்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்.

7.05. மீண்டும் மூன்று. மெதுவாக.

பதில்: தரவில்லை.’