சிஸ்டர் வாங்கிக் கொடுத்த குரல்

வாத்தியார் தொழிலுக்கு முதலீடு தொண்டைதான்; பட்டம், பி.எட்., இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் அதன் மேல் ஒட்டிய லேபிள். சாக்பீஸ் தூளைத் தின்று, "சைலன்ஸ்!" என்று கத்தியே ஆயுளைக் கழித்த சக தொண்டைக்காரர்களே, இது உங்களுக்காக எழுதுவது.

மராத்திச் சீமையில் ஆகுர்டிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். ஓய்வு வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் தலைமை மடத்திலிருந்து ஒரு மதர் வந்து, என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'இன்னொரு வருஷம்' என்பார். அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இங்கே எல்லோரும் பேசுவது இந்தி, மராத்தி, இங்கிலீஷ் மூன்றும் சேர்ந்த கலவை, இந்த ஊர் மிசள் பலகாரம் மாதிரி. உங்களுக்காகத் தமிழில் வடிகட்டித் தருகிறேன்.

ஔந்த் டாக்டர்

என் குரல் நன்றாயிருந்த காலத்தில் நான் பித்தாகரஸ் தேற்றத்தைச் சொல்ல ஆரம்பித்தால், பக்கத்து மோட்டார் தொழிற்சாலையில் சங்கு ஊதிவிட்டதென்று ஆட்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சந்தேகமிருந்தால் பக்கத்துப் பேட்டையான நிக்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் வராது. அவர்கள் காதுகளும் என் கைங்கர்யத்தில் போனவைதான்.

அப்பேர்ப்பட்ட குரல் போன வருஷம் ஒரு நாள் வாய்ப்பாட்டின் நடுவில் நின்றுவிட்டது. ஔந்தில் நம்மூர்க்காரர் ஒருவர் தொண்டை டாக்டர். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு. இனிமே கத்தவே கூடாது. வீட்ல பேசற மாதிரி மெதுவாப் பேசினாப் போதும்" என்றார். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். தலைக்கு மேல் ஆறு விசிறிகள். ஜன்னலுக்கு வெளியே லாரி போகும் ரோடு. அங்கே மெதுவாகப் பேசினால் என் மீசைக்கே கேட்காது. நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்க, கூட வந்திருந்த என் வீட்டுக்காரி டாக்டருக்கு ஆறுதல் சொன்னாள்:

"வீட்டுல பேசற மாதிரியா? அப்பம் ரொம்ப நல்லதாப் போச்சு டாக்டர். வீட்டுல இவுகளுக்குப் பேச எடமே கெடயாது."

மாதாவின் மைக்

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் பிரின்சிபல் சிஸ்டரிடம் போனேன். மங்களூர்க்காரர். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று லேசில் தெரியாத முகம். "வகுப்புல ஸ்மார்ட் போர்டு இருக்கு சிஸ்டர். படம் வரையுது, வட்டம் போடுது, கணக்கே போடுது. ஆனா 'கடைசி பெஞ்சு, என்ன அங்க?'ன்னு மட்டும் கேக்க மாட்டேங்குது. அதைக் கேக்க எனக்கும் இனி முடியாது" என்றேன், தவளைக் குரலில்.

சிஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒயர் இல்லாமல் காதில் மாட்டும் மைக் ஒன்று, இடுப்பில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று. மாதா ஊர்வலத்தில் ஜெபமாலை சொல்வதற்காக வாங்கியது. ஸ்பீக்கரின் நெற்றியில் மாதா படம் வேறு ஒட்டியிருந்தது. அதை அவர் கையாலேயே என் காதில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"மாதா வருஷத்துல ஒரு நாள்தான் ஊர்வலம் போறாங்க சார். மத்த நாளெல்லாம் உங்க அல்ஜீப்ரா போகட்டும்."

போயிற்று. முதல் வாரமே பள்ளிக்குள் இருக்கும் சின்னக் கோயிலான சாப்பலின் கோபுரத்துப் புறாக்களெல்லாம் இரட்டைப்படையில்தான் உட்கார ஆரம்பித்தன.

பிரசங்கத்துக்குப் பதில்

ஊர்வலத்துக்கு வாங்கிய மைக் அல்லவா? பழைய பாசத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அது சாப்பல் ஸ்பீக்கரோடும் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது தெரியாது. சாப்பலில் பூசை நடக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்துகிறேன்.

கோவாக்காரர் எங்கள் ஃபாதர். பிரசங்கத்தில் உருக்கமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவது அவர் வழக்கம். அன்றும், "நாம் அடுத்தவரைப் போதுமான அளவு நேசித்திருக்கிறோமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மேலேயிருந்து என் குரல் முழங்கியதாம்: "இல்லை! நடுவுல ஒரு ஸ்டெப் விட்டுப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடு!"

இரண்டு பாட்டிமார்கள் அங்கேயே முழந்தாளிட்டார்களாம். பூசை முடிந்து ஃபாதர் என்னைத் தேடி வந்தார். திட்டப் போகிறார் என்று மைக்கைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்:

"இத்தனை வருஷமாப் பிரசங்கத்துல கேள்வி கேக்கறேன் சார். பதில் வந்தது இன்னைக்குத்தான்."

நின்றது நின்றபடி

பகல் பன்னிரண்டுக்கு எங்கள் பள்ளியில் மணி அடிக்கும். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் அவரவர் இடத்தில் எழுந்து நிற்க, ஒலிபெருக்கியில் மூவேளை செபம் நடக்கும். முடிந்ததும் 'உட்காருங்கள்' என்று நான் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் உட்காரும். அப்படி ஒரு பழக்கம்.

நிவேதா என்று ஒரு பெண். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து நிக்டியில் குடியிருக்கும் வீட்டுப் பிள்ளை. மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். பாடம் விட்டுப்போகக்கூடாதே என்று, ஸ்மார்ட் போர்டில் பதிவான என் வகுப்பை அப்படியே அவள் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். நடுவில் மணியும் செபமும் இருந்ததை நான் வெட்டவில்லை. சாயங்காலம் அவள் அம்மாவிடமிருந்து போன்.

"சார், வணக்கமுங்க. மணி அடிச்சதும் புள்ள படக்குனு எந்திரிச்சு நின்னுட்டாளுங்க. ஏதோ சாமி காரியமாட்டத் தெரியுதுன்னு நானும் கரண்டியோட வந்து நின்னுட்டேனுங்க. அதோட நெட்டு நின்னுபோச்சுங்க. வீடியோ சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. அடுப்புல ரசம் பொங்குதுங்க சார், நாங்க இப்ப உக்காரலாமுங்களா?"

ஆஃப் செய்யாதது

இந்த வருஷம் மதர் வரும் நாளும் வந்தது. இடைவேளை முடிந்ததும் என் வகுப்புதான். ஸ்பீக்கரை வகுப்பு மேஜையில் வைத்துவிட்டு, மைக்கைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்து ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். மராத்தி டீச்சர் ஜோஷி பாய் (இங்கே டீச்சரம்மாவை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்) டீயைக் கையில் கொடுத்ததும் எனக்கு உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"இந்த மெஷின் மட்டும் நின்னுபோச்சுன்னா என் கதை முடிஞ்சுது பாய். டாக்டர் நேத்தும் பாத்தார். முடிச்சு அப்படியேதான் இருக்காம். மதர் பாத்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வீட்ல போய் நான் யார்கிட்டப் பேசறது? இந்த வானரங்களை விட்டா எனக்கு வேற பேச்சுத்துணை கிடையாது." மூக்கை உறிஞ்சினேன் போலிருக்கிறது. சளி. ஜோஷி பாய், "காள்ஜி கரூ நகா, சர்" என்று என் தோளைத் தட்டினார். கவலைப்படாதே என்று சொன்னால் கவலை போய்விடுமா?

வகுப்புக்குத் திரும்பினேன். ஐம்பது பேரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெஞ்சிலிருந்து நிவேதா எழுந்து, தனக்கு வரும் தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சார்... உங்க மைக் ஆன்ல இருந்துச்சு. பூரா டைம்."

விசிறி இல்லாத வகுப்பு

வெட்கப்படக்கூட நேரமில்லை. சிஸ்டரும் மதரும் உள்ளே வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மைக்கை வாய்க்கு இழுத்து, "குட் மார்னிங்" என்றேன். ஸ்பீக்கர் இரண்டு தடவை 'பீப்' என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டது. இடைவேளை முழுக்க என் புலம்பலை ஒலிபரப்பியே சார்ஜைத் தீர்த்திருந்தது.

சிஸ்டர் முகம் முதல் முறையாக எனக்குப் புரிந்தது. அது சிரிப்பு இல்லை.

அப்போது நிவேதா எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. சுவரோரம் போய் ஆறு விசிறிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். ரோட்டுப் பக்க ஜன்னல்களைக் கடைசி பெஞ்சுத் தடியன்கள் சத்தமில்லாமல் சாத்தினார்கள். ஏப்ரல் மாசம். என் குரலை நான் மெதுவாக வெளியே விட்டேன், வீட்டில் பேசுகிற மாதிரி. அந்த அமைதியில் சுவரில் பல்லி நடந்த காலடிச் சத்தம்கூடக் கேட்டது. சரி, பல்லியை விட்டுவிடுங்கள். மதரின் கைக்கடிகாரம் துடித்தது கேட்டது; அது சத்தியம். நாற்பது நிமிஷம், வேர்த்து ஊற்ற, ஒரு பிள்ளை நோட்டால்கூட விசிறிக்கொள்ளாமல், வகுப்பே இருபடிச் சமன்பாட்டைக் கேட்டது.

மணி அடித்தது. கடைசி பெஞ்சிலிருந்து மதர் எழுந்து, நனைந்துபோன முக்காட்டை நெற்றியிலிருந்து விலக்கித் துடைத்துக்கொண்டு, சிஸ்டரிடம் சொன்னார்:

"சாருக்கு இன்னும் ஒரு வருஷம். அந்த மெஷினுக்கு இன்னும் ஒரு பேட்டரி. இப்ப யாராவது அந்த ஃபேனைப் போடுங்க."

நாற்பது வருஷம் தொழிற்சாலைச் சங்கு மாதிரிக் கத்தியும் அடங்காத வகுப்பு, கத்த முடியாதென்று தெரிந்த அன்றைக்கே அடங்கியதைப் பார்த்தால், இந்தத் தொண்டையை நான் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கெடுத்துக்கொண்டிருக்கலாம்.