அஞ்சலையம்மாளின் பன்னும் சவரிமுத்துவின் கோட்டும்

தண்டையார்பேட்டை நிறுத்தத்தில் பாரிமுனை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சவரிமுத்துவின் மைத்துனன் சைக்கிளில் வந்து என் முன்னால் காலை ஊன்றி நின்றான்.

"பாய், மாமா பூட்டாரு," என்றான். "காலைல டீ குட்ச்சிகினு நல்லாத்தான் குந்தினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்ளோதான்."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அந்த சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கல்மண்டபத்தில் சவரி வீட்டுக்குப் போனேன். வழியில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வாரம்தான் என் வீட்டு வாசலில் நின்று, "இந்த நோம்புக்குக் கஞ்சி குடிக்க வர்றேன், கறி கொஞ்சம் அதிகமாப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனவன். சொன்ன சொல்லை அவன் மீறியதே கிடையாது.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவனோடு கப்பலில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் ராயபுரத்தில் அவனோடு கோயிலுக்குப் போனவர்கள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் காதராகிய நான் அவனை 'அவர்' என்று எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் சவரி கல்லறையிலிருந்து எழுந்து வந்து சிரிப்பான். ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன்.

நம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த பயணிகள் கப்பலில் நாங்கள் இருவரும் ஸ்டூவர்ட்கள். அவனுக்குச் சாப்பாட்டுக் கூடம். எனக்குக் கீழ்த்தட்டு அறைகள். கூட்டுவது, படுக்கை விரிப்பது, வாந்தி எடுத்தால் துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. அவன் கூடத்தில் ஒரு நீண்ட மேசை உண்டு. அதில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிடுவார்கள். வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பஃபே என்று பெயர். பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவன் நம் பக்கம் வருவானா என்று பார்த்துப் பழகிய நம் ஜனங்கள், முதல் நாள் அந்த மேசையைக் கண்டதும் மலைத்துப் போய் நிற்பார்கள். கூடத்தின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. உணவுப் பொருளை அறைக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

எழுதியிருந்தால் ஆயிற்றா? முதல் நாள் எல்லாரும் எடுத்துக்கொண்டு போவார்கள். சேலைத் தலைப்பில் முட்டை, தொப்பிக்குள் வாழைப்பழம். கோட்டும் சூட்டுமாக வந்த ஒரு கனவான் இரண்டு வடையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். எண்ணெய் ஊறி வெளியே வட்டமாகத் தெரிந்தது. சவரி அவரிடம் போனான். மாட்டிக்கொண்டார் என்று நான் வேடிக்கை பார்க்க நின்றேன்.

"சார், பையில வெச்சா கறை புடிக்கும். குடுங்க, கட்டித் தர்றேன்," என்றான்.

அவர் முகம் செத்துப் போயிற்று. இவன் ரொட்டி சுற்றிவந்த மெழுகுக் காகிதத்தை எடுத்து, வடையை வாங்கி, கூட இரண்டு வைத்து மடித்துக் கொடுத்தான். அதன்பிறகு எத்தனையோ பேரிடம் அதே வார்த்தையை அவன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் கட்டித் தருவான், எறும்பு எனக்கு வரும். தலையணைக்கு அடியில் கோழி எலும்பு எடுத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"ஏம்பா, அந்தப் போர்டு இன்னாத்துக்கு மாட்டிக்கீது? நீ கட்டிக் கட்டிக் குடு, நான் கூட்டிக் கூட்டி சாவறேன்," என்று கத்துவேன்.

"கோச்சிக்காத நைனா. ஆயுசுல இப்டி ஒரு டேபிளப் பாத்ததில்ல அவுங்க. ராத்திரிக்கும் சோறு கீதுன்னு மனசு நம்பல. நம்பிட்டா தானா நிப்பாட்டிருவாங்க, பாரு."

பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஓரிரு நாளில் தலைப்பு காலியாகிவிடும். அப்போதிருந்த தலைமை ஸ்டூவர்ட்டும் இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

அந்தத் தலைமை ஸ்டூவர்ட் ஓய்வு பெறும் சமயம் வந்தது. அடுத்தது நீதான் என்று கேப்டனே சவரியிடம் சொல்லியிருந்தார். பதவி கிதவி எனக்கு எதற்கு என்று மழுப்புகிற ஆள் இல்லை அவன். வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னான். தலைமை ஸ்டூவர்ட் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கல்மண்டபம் தையல்காரரிடம் முன்கூட்டியே தைத்து வாங்கிவிட்டான். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு. "மாப்பிள்ளை ரெடி, பொண்ணு எங்க?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் மனைவி ரோசம்மாவுக்கும் பெருமை தாங்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு இருவரும் கோயிலுக்கு எதிரே இருக்கிற ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அந்தப் பயணத்தில்தான் பினாங்கில் அஞ்சலையம்மாள் ஏறினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கைகள். அறுபது வயது இருக்கும். அப்போது மலாயாவில் வேலை அனுமதிச் சீட்டு கிடைக்காமல் நம் ஆட்கள் பலர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். சிறுமியாக இருந்தபோது தாய் தகப்பனோடு கப்பல் ஏறியவர். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பாட்டி வந்தவாசிப் பக்கம் ஊரிலேயே வைத்துக்கொண்டாராம். அந்தத் தம்பிதான் துறைமுகத்துக்கு வரப் போகிறார் என்று என்னிடம் தினமும் சொல்வார். தம்பி முகம் தெரியாது என்பதையும் தினமும் சொல்வார்.

அவர் சாப்பிட்டது கொஞ்சம். ஆனால் ஒவ்வொரு வேளையும் மடியில் ஒரு பன்னோடு அறைக்குப் போவார். சவரி காகிதத்தில் கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இவர் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு நாள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் எறும்புச் சாரை. பிடித்துக்கொண்டே போனால், இழுப்பறை நிறையப் பன். அடியில் இருந்தது பூசணம் பூத்திருந்தது. மறுநாள் காலை கேப்டன் அறை அறையாகச் சோதனைக்கு வருகிற முறை. நான் சவரியைக் கையோடு இழுத்து வந்தேன்.

"இன்னா ஆயா இது?" என்று அவன் மெதுவாகத்தான் கேட்டான். "நாளைக்கும் நாஸ்டா போடுவாங்க ஆயா. கப்பல் கரைக்குப் போற வரைக்கும் போடுவாங்க."

"தெரியும்யா," என்றார் அவர். "எனக்கா எடுத்து வச்சேன்? தம்பி வீட்டுக்குல்ல போறேன். தோட்டத்துல குடுத்ததெல்லாம் டிக்கெட்டுக்கே சரியாப் போச்சு. பொறந்த வீட்டு வாசல்ல வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றியா?"

சவரி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு ரொம்பச் சகஜமாக, "இங்க எலி ஜாஸ்தி ஆயா. நான் பத்திரமா வெச்சி, எறங்கறப்போ குடுக்கறேன்," என்று எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டான். வெளியே வந்ததும், "நான் நென்ச்சது தப்பு பாய்," என்றான். ஒப்புக்கொள்வதில் அவனுக்கு வெட்கமே கிடையாது.

சமையல்கட்டில் வைத்தால் கணக்குக் கேட்பார்கள் என்று மூட்டையைத் தன் லாக்கரில் வைத்தான். அன்று பார்த்து மேல்தட்டுக் கூடத்தில் வெள்ளிக் கரண்டி காணவில்லை. எல்லாச் சிப்பந்திகளின் லாக்கரையும் திறக்கச் சொன்னார்கள். கரண்டி கிடைக்கவில்லை. சவரியின் லாக்கரிலிருந்து பன் மூட்டை உருண்டு விழுந்தது.

பயணிகள் சாப்பாட்டைச் சிப்பந்தி தொடக்கூடாது. தொட்டால் திருட்டு. கேப்டன் வந்து, யாருடையது என்று கேட்டார்.

"என்னுது சார்."

"எதற்கு?"

"பசிக்கும்னு வெச்சேன் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற சவரி பூட்ஸ் காலால் என் காலை மிதித்தான். சாதாரண மிதி இல்லை, நகம் கறுத்துப் போயிற்று. மூட்டையைக் கடலில் போட்டார்கள். தலைமை ஸ்டூவர்ட் வேலைக்கு வேறு கப்பலிலிருந்து ஆள் வரும் என்று அங்கேயே கேப்டன் சொல்லிவிட்டார்.

நொண்டிக்கொண்டே அவனைப் பின்தொடர்ந்து போய்ச் சண்டை பிடித்தேன். "உள்ளத சொன்னா இன்னா? உனக்கு வர்ற வேலையே போச்சேடா!"

"நீ சொல்லிருந்தின்னா அவுரு நேரா அந்த ஆயா ரூமுக்குப் போவாரு. நாலு பேர் எதிர்ல திருட்டுப் பன்னும்பாரு. அது பொறந்த மண்ணுல கால் வெக்கறப்போ தலய குனிஞ்சிகினு எறங்கணுமா?" என்றவன், பிறகு, "ரோசிகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரில பாய்," என்றான். அப்போது அவன் கண் கலங்கியிருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவன் ஒன்றும் முற்றும் துறந்தவன் இல்லை.

சென்னையை அடைகிற அன்று காலை, சிப்பந்திகள் டீ குடிக்கிற இடத்துக்கு, துவைத்த மைதா மாவுப் பை ஒன்றோடு வந்தான். டீயோடு எங்களுக்கு ஆளுக்கொரு பன் உண்டு. அது எங்கள் பங்கு, அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

"இன்னிக்கு உங்க பன்ன எனக்குக் குடுங்கப்பா," என்றான்.

"ஏன், லாக்கர் காலியா கீதா?" என்று ஒருவன் கேட்க, கூடமே சிரித்தது. சவரியும் சேர்ந்து சிரித்தான். காரணத்தைச் சொல்லவே இல்லை, ஆனாலும் எல்லாரும் கொடுத்தார்கள். நான் அவனைக் கண்டபடி திட்டிவிட்டுக் கடைசியாகப் போட்டேன்.

அஞ்சலையம்மாள் அந்தப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். நாங்கள் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கீழே நரைத்த தலையோடு ஒருவர், வருகிற ஒவ்வொரு பெண் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய் ஏதோ கேட்டார் அஞ்சலையம்மாள். அவர் தலையாட்டினார். இருவருக்கும் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. இவர் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் பிரித்து, ஒரு பன்னை எடுத்து, அங்கேயே நின்று பிட்டு வாயில் போட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா தம்பி முகத்தைத் தொட்டார்.

"மெத்துனு கீது, பாத்தியா? பழசா இருந்தா பல்லு ஒடஞ்சிருக்கும்," என்றான் சவரி. அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்தில்.

பிறகு அவன் தலைமை ஸ்டூவர்ட் ஆகவே இல்லை. புதிதாக வந்தவர் கறார் பேர்வழி, இருந்தாலும் சவரி கட்டிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு முறை பஸ்ஸில் வரும்போது, வருத்தமா என்று கேட்டேன். "வருத்தம் இல்லாம? கோட்டுக்குத் துணி ஒசந்த துணி பாய்," என்றான். ரோசம்மா அவனோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை என்பது வேறு கதை. எனக்கு மட்டும் அந்தக் கேப்டன் மேல் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

அன்று சைக்கிளில் போய் இறங்கியபோது, பெட்டிக்குள் அவனுக்கு அந்தக் கோட்டைப் போட்டுவிட்டிருந்தார்கள். வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை. ஆனால் பொத்தான்கள் பளபளவென்று இருந்தன, ரோசம்மா புளி போட்டுத் துலக்கியிருந்தார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். முடிந்ததும் வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுத்தார்கள். தட்டு என்னிடம் வந்தது. ஒன்றை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன், தின்ன மனம் வரவில்லை. கீழே வைக்கவும் மனம் வரவில்லை. யாரும் பார்க்காத நேரம் ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே ரோசம்மா. இத்தனை வருஷம் பயணிகளைத் திட்டிய எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் கையை நீட்டினார்.

"பையில வெச்சா கறை புடிக்கும் பாய். குடு, கட்டித் தர்றேன்."

வீட்டிலும் அவன் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பன்னை வாங்கி, கூட இரண்டு வைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதே மடிப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டையார்பேட்டை வரை நடந்தே வந்தேன். பன்னைப் பேரப்பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். காகிதம் என்னிடம் இருக்கிறது, பிரித்த மடிப்போடு அப்படியே.