முட்டையில் இருந்த புள்ளி

கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவளே மூத்தவள்தான். தான் பாடம் நடத்தும் கணிதத் துறையிலேயே வேலை பார்த்த கெட்டிக்காரியை ஓரகத்தியாக வீட்டுக்குள் கூட்டிவந்தாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது வேறென்ன?

மூத்தவளுக்கென்று ஆராய்ச்சியில் ஒரு வளைகோடு இருந்தது. நீண்டு ஓடும் ஒரு கிளை, பக்கத்தில் முட்டை வடிவில் தனியாக ஒரு துண்டு. முழுக்கப் பின்னங்களாலேயே குறிக்க முடிகிற புள்ளிகள் அதில் அபூர்வம். பின்னத்தில் இலக்கங்கள் கூடக் கூடப் புள்ளியின் 'உயரம்' கூடும். வருடக்கணக்காக மல்லுக்கட்டி, நீண்ட கிளையில் அவள் ஒன்றைப் பிடித்திருந்தாள். எழுதினால் கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். எழுதிக் காட்டும்போதெல்லாம் அவளும் ஒரு சாண் வளர்ந்துவிடுவாள்.

போன வாரம் இளையவள் அந்த முட்டையில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். சின்னஞ்சிறு பின்னம். துறைத் தலைவர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். மூத்தவளும் தட்டினாள், வயிறு எரிந்தது. முட்டைப் பக்கம் அவள் தேடியதே இல்லை. இத்தனூண்டு துண்டில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற மிதப்பு.

இரண்டு புள்ளிகளும் ஒட்டுறவில்லாதவை என்றால் ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் வரும். மூத்தவளுக்கு அது வேண்டாம். இளையவளின் புள்ளி தன்னுடையதிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். அப்போது அது புதுசே இல்லை என்றாகிவிடும்.

உயரங்களைக் கணக்கிட்டாள். ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு. ஒரு புள்ளியை இரட்டித்தால் பிறக்கும் பிள்ளைக்கு வருகிற உயரம்!

"இங்க வா! உன் புள்ளியோட வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு."

இளையவள் வந்து பார்த்தாள். தயங்கினாள்.

"அக்கா... உயரமானது உங்களோடதுதானே?"

நான்கைப் பார்த்த கண், யாருடையது நான்கு என்று பார்க்கவில்லை. இந்தக் குடும்பத்தில் பிள்ளைதான் தாயைவிட உயரம். மூத்தவள் முட்டைப் புள்ளியை இரட்டித்துப் பார்க்க அதில் தொடுகோடு போட்டாள். கோடு நீண்ட கிளையை வெட்டிய இடத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். கரும்பலகையின் கோடிவரை அவளுடைய பின்னமே வந்து நின்றது.

"ரெண்டும் தனித்தனியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்க்கா," என்றாள் இளையவள், கண் கலங்கி. "சேர்ந்து எழுதலாம்னு."

மூத்தவளுக்கு மறுபடி வயிறு எரிந்தது. இந்த முறை புள்ளிக்காக அல்ல. அப்படி வேண்டிக்கொள்ள இளையவளால் முடிந்ததே என்று.