மே மாதத்துப் பச்சை

"ரூஹி இன்னா வேலை பாக்குது?" என்று டோல்கேட் பக்கம் கேட்டால், "சாட்டிலைட்டுல கீது" என்பார்கள், ஏதோ அவளே ராக்கெட்டில் ஏறிப் போய்விட்டதுபோல. உண்மையில் அவள் இருப்பது ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில், ஒரு லேப்டாப்புக்கு முன்னால். செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, எந்த ஊரில் பயிர் தேறியது, எந்த ஊரில் காய்ந்தது என்று குறித்துக் கொடுப்பாள். விவசாயிகளுக்குக் காப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் அதைப் பொறுத்தது.

புவியியல் படித்தவள். துறைமுகத்தில் கண்டெய்னர் எண் பதிகிற வேலை அலுத்துப்போய் இதற்கு வந்தாள். நெல் வயலில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்று எல்லோரும் மழையைத் திட்டும்போது, "இதுல கொஞ்சம் ராம்நாட்டுக்குப் போவக்கூடாதா?" என்று இவள் வானத்தோடு சண்டை போடுவாள்.

அன்று ராமநாதபுரம் வேலையை முடித்து மாலைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் பிறகு மாற்ற முடியாது. கீழப்புனல்குடி என்கிற ஒரே ஊர் உறுத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லா ஊரும் பழுப்பு, இது மட்டும் பச்சை. பச்சை என்றால் பயிர் நன்றாக இருக்கிறது, இழப்பீடு கிடையாது. மழை அந்த ஊருக்கு மட்டும் தனியாக வந்து பெய்துவிட்டுப் போயிற்றா?

மேலதிகாரி சுடலைராஜ் போனில் அவசரப்படுத்தினார். "கம்ப்யூட்டர் பச்சைங்குது. பச்சைன்னே போட்டு முடிங்கம்மா."

அந்த நேரம் பார்த்து, காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு திரும்பிய எதிர்வீட்டுக் கோவிந்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ப்பட்ட வயலைப் பாத்துகினு கீறியே, நம்ம வூடு தெரியுமா இதுல?"

"தெரியும்க்கா. நீ மாடில காயவெச்ச நைட்டிதான் தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் எடுத்தா வெக்கப் போற?"

ரூஹி சிரித்துக்கொண்டே படத்தை நகர்த்தினாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய் பச்சைப் பசேலென்று தெரிந்தது. கோவிந்தம்மா வாயைப் பிளந்தாள்.

"அடியே! இந்தக் கலீஜ் தண்ணில எவன்டி நாத்து நட்டான்?"

நாற்றாவது ஒன்றாவது. கால்வாயை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை. கோடையிலும் வாடாது. ரூஹியின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு நிமிஷம் இருக்கா."

கீழப்புனல்குடியின் போன மே மாதப் படத்தை எடுத்தாள். வானம் பார்த்த பூமி அது. மே மாதத்தில் வெறும் மண்தான் தெரிய வேண்டும். ஆனால் அப்போதும் பாதி ஊர் பச்சை. கண்மாயிலும் வரப்பிலும் சீமைக்கருவேலம்! அந்த இடங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாள். மிச்சமிருந்த வயலெல்லாம் பழுப்பு.

இதைப் போனில் சொன்னபோதும் சுடலைராஜ் இறங்கி வரவில்லை. "நேர்ல பார்த்த ஆதாரம் வேணுமே."

கமுதியில் கள வேலை பார்க்கும் வேதமாணிக்கத்தைப் போனில் பிடித்தாள்.

"அந்தப் பாதையில பஸ்ஸே போகாது தாயி."

"நீங்க என்னண்ணே பஸ்ஸா? புல்லட்டுல போறவராச்சே."

கோவிந்தம்மா கூடையை ஓரமாக வைத்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னா ஆச்சுன்னு தெரியாம நான் எப்டிப் போயி மீன் ஆயறது?"

வெயில் தாழ்வதற்குள் போட்டோ வந்தது. முன்னால் கருவேலம் புதராக மண்டியிருக்க, அதன் இடுக்கில் கணுக்கால் உயரத்தில் கருகிய நெல். கூடவே குரல் செய்தி: "பச்சை இருக்கு தாயி. என் வேட்டியைக் கிழிச்சதே அதுதான். நெல்லுல ஒரு கதிர் இல்ல."

போட்டோவைப் பார்த்த சுடலைராஜ் தானே போன் செய்தார். "சரிம்மா, பழுப்புன்னே போடுங்க. பச்சைன்னு குறிச்ச மத்த ஊருக்கும் மே மாசப் படத்தைப் பாத்துருங்க. சாயங்காலம் அனுப்ப வேணாம், நான் மேலே பேசிக்கிறேன்" என்றார்.

ரூஹி கீழப்புனல்குடியைப் பழுப்பாக்கிவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கோவிந்தம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். "ஊரே காஞ்சி போச்சுன்னு எழுதிட்டு இப்டி ஆடுறவள நான் இன்னிக்குத்தான்டி பாக்குறேன்."